நிற்காத பாட்டு: ஹோட்டல் பின்னணி இசையின் கதை

போன வருடம் மே மாதம் ஒரு ஹோட்டலின் அக்கவுண்ட்ஸ் பிரிவில் ஆறு வாரம் இன்டர்ன்ஷிப் போனேன். (பி.காம் படிக்கிறவனுக்கு வேறு எங்கே இடம் கொடுப்பார்கள்?) ஏசி ரூமில் உட்கார்ந்து வவுச்சர்களைத் தேதிவாரியாக அடுக்குவதுதான் வேலை. ஹோட்டல் பெயர் வேண்டாம், சான்றிதழில் கையெழுத்துப் போட்டவர் நல்ல மனிதர்.

ஒரு நாள் மத்தியானம் மேல்மாடி ஸ்பாவிலிருந்து ஒரு புகார் வந்தது. வாடிக்கையாளர் ஒருவர் எண்ணெய் மசாஜுக்குக் கண்ணை மூடிப் படுத்திருக்கிறார். மெலிதாகப் புல்லாங்குழல் ஓடுகிறது. திடீரென்று புல்லாங்குழல் நின்று, ஒரு ஆண் குரல் உச்சஸ்தாயியில் ஏதோ கடன் ஆப்பை டவுன்லோடு பண்ணச் சொல்கிறது! மனிதர் பதறி எழுந்து உட்கார்ந்துவிட்டாராம். விசாரித்தால் விஷயம் இதுதான். மாதச் சந்தா கட்டி வாங்கிய இசைப்பெட்டி காலையிலிருந்தே ஊமை. வரவேற்பறையில் இருந்த பையன் அவசரத்துக்குத் தன் செல்போனை ஸ்பீக்கரில் மாட்டி, காசு கட்டாத கணக்கில் பாட்டு ஓட்டியிருக்கிறான். காசு கட்டாவிட்டால் நடுவில் விளம்பரம் வராமல் என்ன செய்யும்?

அந்த வாடிக்கையாளருக்குப் பாதிக் கட்டணம் தள்ளுபடி. கிரெடிட் நோட் எழுதியது அடியேன். எழுதும்போதுதான் கவனித்தேன். அந்த இசைப்பெட்டியின் மாதச் சந்தாவைப்போலப் பல மடங்கு, ஒரே ஒரு முறை பாட்டு நின்றதில் போய்விட்டது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தவரை அப்படி ஒன்று ஓடுவதாக யாருக்குமே நினைவில்லை. இப்படி யாரும் கவனிக்காத சரக்குக்கு ஹோட்டல்கள் எதற்காகக் காசு கொடுக்கின்றன, எப்போதிலிருந்து கொடுக்கின்றன என்று தேடப் போய், விஷயம் நூறு வருடத்துக்கும் மேல் பின்னால் இழுத்துக்கொண்டு போனது.

(ஒரு சின்ன எச்சரிக்கை. பின்னணி இசை என்றதும் ராஜா சாரைப் பற்றி என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்கவும். இது லாபியிலும் லிஃப்டிலும் ஓடுகிற பின்னணி.)

இருநூறு டன் வாத்தியம்

கம்பி வழியாக ஹோட்டலுக்குப் பாட்டு அனுப்புவது பாரீஸில் 1890லேயே வியாபாரமாகிவிட்டது. தியேட்ரோஃபோன் என்று பெயர். ஹோட்டல், காபிக் கடைகளில் வைத்த பெட்டியில் காசு போட்டு, குழாயைக் காதில் வைத்தால் நாடக அரங்கில் நடப்பது ஐந்து நிமிடம் கேட்கும். ஆனால் அது காசு போட்டவர் மட்டும் காதுகொடுத்துக் கேட்பது. அறை முழுக்கப் பரவி, யாரும் கேட்காமல் ஓடுகிற இசை என்ற நம் சரக்குக்கு முதல் பெரிய முயற்சி அமெரிக்காவில் நடந்தது.

தாடியஸ் கேஹில் என்று ஒருவர். மின்சார டைனமோவைச் சுழற்றினால் அதன் வேகத்துக்கேற்ப ஒரு ஸ்வரம் பிறக்கும் என்பதைப் பிடித்துக்கொண்டு, 'டெல்ஹார்மோனியம்' என்று ஒரு ராட்சஸ வாத்தியம் செய்தார். இரண்டாவது மாடலின் எடை சுமார் 200 டன், செலவு சுமார் 2 லட்சம் டாலர். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹோலியோக் நகரத்து ஆலை ஒன்றில் செய்து, 1906ல் ரயில் பெட்டிகளில் ஏற்றி நியூயார்க் கொண்டுபோனார்கள். ஒரு கட்டடத்தின் கீழ்த்தளம் முழுக்க இயந்திரம், மேலே விசைப்பலகையில் கலைஞர்கள். அங்கிருந்து டெலிபோன் கம்பியில் உணவகங்களுக்கும் ஹோட்டல்களுக்கும் இசை. மார்க் ட்வெய்ன்கூட அதற்கு ரசிகர். 1906ன் கடைசி இரவு தன் வீட்டு விருந்தில் அதைக் கேட்க வைத்தார்.

கேட்கப் பிரமாதமாக இருக்கிறது இல்லையா? இரண்டே வருடத்தில், 1908ல், அந்த அரங்கத்தை மூடிவிட்டார்கள். காரணம் இசை மோசம் என்பதல்ல. அப்போது ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் கிடையாது. ஆகவே அடுத்த முனையில் அறை முழுக்கக் கேட்கவேண்டுமானால், கிளம்பும் இடத்திலேயே பயங்கர சக்தியோடு மின்சாரத்தை அனுப்ப வேண்டும். அந்தச் சக்தி பக்கத்துக் கம்பிகளுக்குக் கசிந்தது. ஒருவர் தொழில் விஷயமாக டெலிபோனில் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் இசை நுழைந்துவிடும். டெலிபோன் கம்பெனி ஒத்துழைக்க மறுத்தது. இன்னொரு வியாதியும் இருந்தது: கலைஞர் ஒரே சமயத்தில் நிறைய ஸ்வரங்களை அழுத்தினால் மின்சாரம் பங்கு பிரிந்து, மொத்த ஓசையும் அமுங்கிப்போகும். சந்தாதாரர் எத்தனை பேர் இருந்தாலும் மூலஸ்தானம் ஒன்றே ஒன்று. அங்கே இருமினால் எல்லா ஹோட்டலிலும் இருமல். மூன்றாவது மாடலும் செய்து பார்த்து, 1914ல் கம்பெனி திவால்.

வணிகவியல் மாணவனாக எனக்கு இதில் பிடித்த இடம் ஒன்று உண்டு. கேஹில் போட்ட கணக்கு தப்பே இல்லை. ஒரு பெரிய மூலதனம், பல சந்தாதாரர்கள், மாத வருமானம். இன்றைக்கு எல்லா ஸ்ட்ரீமிங் கம்பெனியும் போடுவது அதே கணக்குத்தான். அவரைக் கவிழ்த்தது நடுவில் இருந்த கம்பி. அது அவர் கையில் இல்லை.

ஜெனரலும் ஒரு கேமரா கம்பெனியும்

அடுத்து வந்தவர் ராணுவக்காரர். ஜார்ஜ் ஓவன் ஸ்குயர், மேஜர் ஜெனரல், முதல் உலகப்போர் சமயத்தில் அமெரிக்க ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவுக்குத் தலைவர். இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். ஒரே கம்பியில் வெவ்வேறு அதிர்வெண்களில் பல செய்திகளை ஒன்றோடொன்று மோதாமல் அனுப்பலாம் என்று 1911ல் காப்புரிமை பெற்றார். இதை வைத்து, வீட்டுக்கு வருகிற மின்சாரக் கம்பியிலேயே பாட்டும் அனுப்பலாமே என்று 1922ல் நார்த் அமெரிக்கன் என்ற மின்சாரக் கம்பெனியோடு சேர்ந்து 'வயர்டு ரேடியோ' ஆரம்பித்தார். நியூயார்க்கின் ஸ்டேட்டன் ஐலண்டில் சோதனையும் நடந்தது.

அவர் கெட்ட நேரம், ரேடியோ வளர்ந்துவிட்டது. வீட்டில் ஒரு பெட்டி வாங்கி வைத்தால் பாட்டு இலவசமாகக் காற்றில் வருகிறது, எவன் மாதச் சந்தா கட்டுவான்? 1934ல் கம்பெனிக்குப் புதுப் பெயர் தேடினார் ஸ்குயர். மியூசிக்கின் முன்பாதியையும், அவருக்குப் பிடித்த கோடாக் கேமராவின் பின்பாதியையும் ஒட்டினார். 'மியூசாக்' பிறந்தது. அதே வருடம் மார்ச்சில் அவர் இறந்துபோனார். அந்தப் பெயர் அகராதியில் ஏறி, சாரமில்லாத இசை எதற்கும் வசைச்சொல்லாகப் போவதை அவர் பார்க்கவில்லை.

கிளீவ்லாந்தில் வீடுகளுக்கு விற்றுப் பார்த்துவிட்டு, 1936ல் நியூயார்க் வந்து ஹோட்டல், உணவகங்கள் பக்கம் திரும்பினார்கள். இங்கேதான் வியாபாரம் பிடித்தது. ஏன்? ரேடியோவில் இலவசப் பாட்டு உண்டு, ஆனால் நடுவில் விளம்பரம் உண்டு, அறிவிப்பாளர் பேச்சு உண்டு, காற்றில் கொரகொரப்பு உண்டு. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருப்பவருக்குச் சோப்பு விளம்பரம் கேட்கக்கூடாது என்று ஹோட்டல்காரர் நினைத்தார். பேச்சும் விளம்பரமும் வராது, கம்பியில் கொரகொரப்பு இல்லை என்று மியூசாக் சொன்னது. ஹோட்டல்காரர் சந்தா கட்டியது அந்த வாக்குறுதிக்குத்தான். பாட்டு, உள்ளே வைத்துக் கொடுத்த பொருள் மட்டும். எங்கள் ஸ்பா பையன் 2 நிமிடத்தில் உடைத்ததும் அதே வாக்குறுதியைத்தான்.

ஏற்பாடு எளிமையானது. மைய ஸ்டூடியோவில் 33⅓ வேகத்தில் ஓடுகிற பெரிய இசைத்தட்டுகள். சாதாரண இசைத்தட்டில் ஊசி பக்கவாட்டில் ஆடும். இவற்றில் மேலும் கீழும் ஆடும்படி வெட்டியிருந்தார்கள், தரம் நன்றாக இருக்கும். அங்கிருந்து வாடகைக்கு எடுத்த டெலிபோன் கம்பி. இப்போது ஆம்ப்ளிஃபயர் வந்துவிட்டதால் கம்பியில் மெல்லிய மின்சாரம் போதும். ஹோட்டலில் அதைப் பெருக்கிக்கொள்ளலாம். கேஹிலைக் கொன்ற வியாதிக்கு மருந்து கிடைத்துவிட்டது.

நிற்க வேண்டும் என்றவர்கள்

இத்தனை நாள் ஹோட்டலில் வாசித்துக்கொண்டிருந்த கலைஞர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்காமல் இதை எழுத முடியாது. ஒரு பியானோக்காரருக்குக் காய்ச்சல் வரும், சம்பளம் கேட்பார், இடைவேளை கேட்பார். கம்பி கேட்காது. கணக்குப் புத்தகத்தில் பார்த்தால் தீர்ப்பு சுலபம். இசைத்தட்டுகள் தங்கள் வேலையைத் தின்கின்றன என்று அமெரிக்க இசைக் கலைஞர் சங்கத் தலைவர் ஜேம்ஸ் பெட்ரில்லோ 1942 ஆகஸ்ட் 1 முதல் எந்த ஒலிப்பதிவுக்கும் வாசிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். உலகப்போர் நடுவில்! பெரிய கம்பெனிகள் கடைசியாக இறங்கி வந்தது 1944 நவம்பரில். விற்கும் ஒவ்வொரு இசைத்தட்டுக்கும் சங்க நிதிக்கு ஒரு தொகை. அந்த நிதியில் வேலையில்லாத கலைஞர்களுக்குக் கூலி கொடுத்துப் பொது இடங்களில் இலவசக் கச்சேரி நடத்தினார்கள். ஹோட்டல் வேலை திரும்பி வரவில்லை.

இன்னொரு கூட்டம் கேட்க விரும்பாதவர்கள். 1948ல் வாஷிங்டன் நகரத்து டிராம்களிலும் பஸ்களிலும் எஃப்.எம். வானொலி ஒலிபரப்பைப் போட ஆரம்பித்தார்கள். (மியூசாக் அல்ல, உள்ளூர் நிலையம், விளம்பரமும் உண்டு.) இரண்டு பயணிகள், இறங்கிப் போக முடியாத இடத்தில் காதில் திணிக்கிறீர்களே என்று எதிர்த்தார்கள். 1952ல் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பயணிகள் தோற்றார்கள். நீதிபதி டக்ளஸ் மட்டும், தொந்தரவில்லாமல் விடப்படுவதுதான் சுதந்திரத்தின் தொடக்கம் என்கிற பொருளில் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டர் செய்தது இன்னும் சுவாரஸ்யம். தானே இந்த ஒலிக்குப் பலியானவன், உணர்ச்சிவசப்படாமல் தீர்ப்புச் சொல்ல முடியாது என்று விலகிக்கொண்டார். அந்த மனுஷனும் டிராமில்தான் போயிருக்கிறார் போல.

பாட்டை வீட்டுக்குள் வைத்துவிடு

கம்பி அறுந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு மிக அழகான பதில் சொன்னது, என்னைப் பொறுத்தவரை, சிகாகோவின் சீபர்க் கம்பெனி. ஜூக்பாக்ஸ் செய்கிறவர்கள். 1959ல் 'சீபர்க் 1000' என்ற பெட்டியைக் கொண்டுவந்தார்கள். இதற்கு ஸ்டூடியோவும் கிடையாது, டெலிபோன் கம்பியும் கிடையாது. 9 அங்குல இசைத்தட்டுகள் 25, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். வேகம் நிமிடத்துக்கு 16⅔ சுற்று, அதாவது நம் வீட்டு எல்.பி. ரெக்கார்டின் வேகத்தில் சரிபாதி. ஒரு தட்டில் சுமார் 40 பாட்டு, மொத்தம் 1000. தட்டைத் திருப்பிப் போட ஆள் வேண்டாம், ஊசி மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் வாசிக்கும். ஒரு பாட்டு இரண்டே கால் நிமிடம் என்று வைத்தால் ஒன்றரை நாளுக்கு மேல் ஓடும். கடைசித் தட்டு முடிந்ததும் அடுக்கு முழுவதும் மேலே போய் மறுபடி முதலிலிருந்து.

தட்டுகளை விற்கவும் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை புதியவை வரும், பழையவற்றைத் திருப்பித் தர வேண்டும். தட்டின் நடுத்துளை 2 அங்குலம். வேகமும் துளையும் வேறு மாதிரி இருப்பதால் தட்டைச் சுட்டுக்கொண்டு போனாலும் வீட்டுப் பெட்டியில் ஓட்ட முடியாது. ஊசியை உருவாக்கியவர் பொறியாளர் என்றால் துளையை உருவாக்கியவர் நிச்சயம் எங்கள் டிபார்ட்மெண்ட் ஆள். 3எம் கம்பெனி 1965ல் இதே யோசனையை டேப்பில் செய்தது: 'கான்டாட்டா 700', ஒரே கேட்ரிட்ஜில் 700 பாட்டு.

இதில் நோய் வேறு இடத்துக்கு மாறிக்கொண்டது. ஊசி தேயும். தேய்ந்த ஊசி தட்டைத் தேய்க்கும். பாட்டு நிற்காது, ஆனால் மெல்ல மெல்லக் கரகரக்கும். அங்கேயே வேலை பார்க்கிறவர்களுக்கோ அடுத்து என்ன பாட்டு என்று மனப்பாடம்.

வானத்திலிருந்து

நடுவில் ஒரு குறுக்கு வழி. எஃப்.எம். ஒலிபரப்போடு, சாதாரண ரேடியோவில் கேட்காத ஒரு துணை அலையையும் சேர்த்து அனுப்ப 1955ல் அமெரிக்க அரசு அனுமதித்தது. மியூசாக் உட்படப் பலர் அதில் ஏறினார்கள், கம்பி வாடகை மிச்சம். ஆனால் பொழுதுபோக்கு மின்னணுப் பத்திரிகைகளில் அதைப் பிரித்துக் கேட்கும் சர்க்யூட் வரைபடம் வந்து, சந்தா கட்டாமல் வீட்டிலேயே செய்துகொண்டார்கள். (நம் ஆட்கள் கேபிள் டி.வி.யில் செய்யாததா?)

1980களில் செயற்கைக்கோள். ஒரே ஒரு கோள், நாடு முழுக்க ஆயிரக்கணக்கான ஹோட்டல் மாடிகளில் குடை. கேஹிலின் கனவு மறுபடியும், இந்த முறை 36,000 கிலோமீட்டர் உயரத்தில். பலத்த மழை வந்தால் சிக்னல் கரையும். வருடத்தில் இரண்டு முறை, இரவும் பகலும் சமமாகிற நாட்களை ஒட்டி, சூரியன் நேராகக் கோளுக்குப் பின்னால் வந்து சில நிமிடம் அதன் சத்தத்தில் சிக்னல் மூழ்கிவிடும். இதெல்லாம் தெரிந்த தொல்லைகள். தெரியாத தொல்லை எப்படி இருக்கும் என்பதை கேலக்ஸி 4 காட்டியது. 1998 மே 19 அன்று அந்தச் செயற்கைக்கோளின் கட்டுப்பாட்டுக் கணினி செயலிழந்து, கோள் திரும்பிக்கொண்டது. அமெரிக்காவின் பேஜர்களில் 80 சதவீதத்துக்கு மேல் ஒரே சமயத்தில் ஊமையாகின. டாக்டர்களைக் கூப்பிட முடியவில்லை. லாபியில் பாட்டு நிற்பது இதன் பக்கத்தில் தூசு. ஆனால் இரண்டையும் தாங்கியது ஒரே மாதிரியான கயிறு.

மியூசாக்கின் முடிவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2009 பிப்ரவரியில் திவால் மனு, 2011ல் மூட் மீடியா என்ற கம்பெனி 34.5 கோடி டாலருக்கு வாங்கியது, 2013ல் பெயரையே எடுத்துவிட்டார்கள். கோடாக்கின் பின்பாதி கோடாக் போன வழியிலேயே போனது.

இன்டர்நெட் பெட்டி

இப்போது எங்கள் ஸ்பாவுக்குத் திரும்பலாம். ஸ்ட்ரீமிங்குக்கு நிறைய வேகம் தேவை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கணக்குப் போட்டால் சிரிப்பு வருகிறது. நொடிக்கு 128 கிலோபிட் தரத்தில் ஒரு நிமிடப் பாட்டு ஒரு எம்.பி.கூட இல்லை. 24 மணி நேரமும் ஓடினால் சுமார் 1.4 ஜி.பி. ஒரு அறையில் ஒருவர் படம் பார்த்தாலே அதைத் தாண்டிவிடும். அப்படியானால் ஏன் நிற்கிறது?

எங்கள் பெட்டி நின்ற காரணத்தை எலெக்ட்ரீஷியன் அண்ணன் சொன்னார். அதை விருந்தினர்களுக்கான வைஃபையில் சேர்த்திருந்தார்கள். அந்த வைஃபை நாளுக்கு ஒரு தடவை அறை எண்ணும் பெயரும் கேட்கும். பெட்டிக்கு ஏது அறை எண்? போதாததற்குக் கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிப்பதற்குள் சில நொடி இடைவெளி. பெட்டி அணைந்து மறுபடி எழுந்து, மறுபடி அறை எண் கேட்கப்பட்டு, மறுபடி ஊமை. பெட்டிக்குத் தனி கேபிள் இழுத்து, பின்னால் ஒரு யூ.பி.எஸ். வைத்திருந்தால் முடிந்த கதை. யூ.பி.எஸ்.ஸுக்கான கொள்முதல் விண்ணப்பம் என் வவுச்சர் கட்டிலேயே இருந்தது, 'பிறகு பார்க்கலாம்' என்ற குறிப்போடு.

கடைகளுக்கென்றே ஸ்ட்ரீமிங் விற்கிற கம்பெனிகள் இதற்கு இன்னொரு மருந்தும் வைத்திருக்கின்றன. பாட்டுகளை முன்கூட்டியே பெட்டிக்குள் இறக்கி வைத்துக்கொள்வது. நான்கு நிமிடப் பாட்டு 1000 என்றால் 4 ஜி.பி.க்குள் அடங்கும். ஆயிரம் பாட்டு, கட்டடத்துக்குள்ளேயே, கம்பி அறுந்தாலும் ஓடும். 1959ல் சீபர்க் செய்தது இதுவேதான், ஊசி மட்டும் இல்லை.

பாட்டு நின்றே ஆகவேண்டிய ஒரு நேரமும் உண்டு என்பதை அண்ணன்தான் காட்டினார். தீ எச்சரிக்கைப் பெட்டியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு சிவப்புக் கம்பி போகிறது. அலாரம் அடித்தால் இசை தானாக அறுந்து அறிவிப்பு கேட்க வேண்டும். "பாட்டு நின்னா புகார் வரும் தம்பி. இது நிக்கலேன்னா பொணம் வரும்" என்றார். செல்போனை நேராக ஸ்பீக்கரில் மாட்டியபோது அந்தக் கம்பிக்கு வேலையே இல்லாமல் போயிருந்தது. கிரெடிட் நோட்டில் இதையெல்லாம் எழுத இடமில்லை.

மறுநாள் அவர் ஒரு பென் டிரைவில் 64 பாட்டு ஏற்றி, ஆம்ப்ளிஃபயரில் சொருகிவிட்டுப் போனார். (அவற்றுக்கு உரிமம் இருந்ததா என்று நான் கேட்கவில்லை. வவுச்சரும் வரவில்லை.) அதன்பிறகு நான் இருந்தவரை ஒரு தடவைகூட நிற்கவில்லை. கடைசி வாரம் ஸ்டாக் எடுக்க ஸ்பாவுக்குப் போனபோது, அங்கே மசாஜ் செய்யும் அக்காவிடம் இப்போது பாட்டு எப்படி என்று கேட்டேன். அவருக்கு ஒரு நாளுக்கு ஒன்பது மணி நேர வேலை. 64 பாட்டும் இரண்டு சுற்று வந்துவிடும்.

"அன்னிக்குக் காலையில பெட்டி ஊமையா இருந்துச்சு பாருங்க தம்பி, அந்த ரெண்டு மணி நேரம் நல்லா இருந்துச்சு" என்றார். எட்டு மணிக்குக் கடைசி வாடிக்கையாளர் போனதும் முதலில் ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டுத்தான் துண்டுகளை எண்ண ஆரம்பித்தார்.